அத்தான் வெட்டின காளான்

நீங்க காளானப் புடுங்குற ஆளா, வெட்டுற ஆளா?

சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் கேக்கன். கடையில பெட்டியில விக்கிறத மட்டும் தின்ற ஆக்கள் எண்டா உங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்ல, குடுத்து வச்ச ஆக்கள். நான் சொல்றது மழை பெஞ்சு ரெண்டாம் நாள் காட்டோரத்தில, புத்தடியில தானா முளைச்சுக் கிடக்குமே, அது. அதப் புடுங்குறதா வெட்டுறதா எண்டு நான் ஒருக்கா ஒரு ஆளோட வாதாடி வெண்டனான்.

ரெண்டு வருஷத்துக்கு முதல், ஐப்பசி மாசம். எங்கட ஊர் படுவான்கரையில, வாவிக்கு மேற்குப் பக்கம். முன்னால அந்த வாவி, எங்கட வாய்க்கு அது ஆறு, பின்னால வயல் வட்டை, வட்டைக்கு அங்கால பத்தைக்காடு. ஊர்ப் பேரும் போட மாட்டன், ஆக்கள்ற பேரும் போட மாட்டன். ஏன் எண்டு கடைசியில உங்களுக்கே விளங்கும்.

நான் அப்ப மலைநாட்டுப் பக்கம் ஒரு கெம்பஸில ரெண்டாம் வருஷம், பயோ. எங்கட தெருவில கெம்பஸ் போன முதல் ஆள் நான்தான். அதனால வாய் கொஞ்சம் கூட. சரி, சரியான கூட. லீவுக்கு வந்தா ஒருத்தரையும் விட மாட்டன். அம்மாக்கு சீனியப் பத்தி லெக்சர், அக்காக்கு பிளாஸ்டிக் போத்தலப் பத்தி லெக்சர். அவங்க ரெண்டு பேரும் "ஓம் ஓம்" எண்டுட்டு தங்கட வேலையப் பாப்பாங்க. வீட்டில உண்மையாக் காது குடுத்துக் கேக்கிற ஒரே ஆள் அத்தான்தான்.

அத்தான் எண்டா அக்காட புருஷன். கதிரவெளிப் பக்கத்து ஆள். எங்கட பக்கத்தில கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வாறது, அப்பிடி எங்கட வீட்டுக்கு வந்து மூணு வருஷம். கடக்கரையில பிறந்த மனிசன், மீன் இல்லாட்டி சோறு இறங்காது. இஞ்ச வந்து எங்கட அப்பா விட்டுட்டுப் போன காணியில வெள்ளாமை செஞ்சார். என்னைய ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, "கெம்பஸ் மச்சாள்"தான். நக்கலா இல்ல பெருமையா எண்டு எனக்கு அப்ப விளங்கவே இல்ல. ரெண்டும்தான் எண்டு இப்ப நினைக்கன்.

காளான் எடுக்கிறதுக்கு எங்கட ஆக்களிட்ட ஒரு முறை இரிக்கு. வெள்ளாப்போட போகணும், வெயில் ஏறினா விரிஞ்சு புழு வச்சிரும். கையில ஒரு முழ நீளத்துக்குக் கூர் சீவின கம்பு. காளானக் கண்ட உடன பாஞ்சு ஆய மாட்டாங்க. பக்கத்தில கம்பைக் குத்தி மண்ண நெம்பி, அடியப் பிடிச்சு மெல்ல மெல்ல இழுப்பாங்க. புத்துக் காளான் எண்டா எலிவால் மாதிரி ஒரு வேர் சாண் கணக்கில வந்துட்டே இரிக்கும், அது மண்ணுக்குள்ள இரிக்கிற கறையான் கூட்டில இருந்து முளைக்கிற சாமான். வால் வந்தாக் கூடைக்குள்ள போகும். வால் வரல்ல எண்டா வீசி எறிஞ்சுட்டு கைய மண்ணில தேய்ப்பாங்க. அவ்வளவுதான் டெஸ்ட்.

அந்த ஐப்பசி முதல் மழைக்கு நான் ஸ்டடி லீவில வீட்ட நிண்டன். அத்தான் வெளிக்கிட, நானும் போனத் தூக்கிட்டுப் பின்னால போனன், வீடியோ எடுக்க. அவர் குந்தியிரிந்து கம்பால நெம்பி ஒண்ட இழுத்தார். எனக்கு ஏறிட்டுது.

"ஐயோ அத்தான், என்ன செய்றீங்க?"

"என்ன கா, காளான் எடுக்கன்."

"இது எடுக்கிறதில்ல, கொலை. வேரோட புடுங்கினா அடுத்த வருஷம் முளைக்காது. மண்ணுக்குள்ள வலை மாதிரி ஒண்டு இரிக்கு, அதுதான் உண்மையான உயிர். வெளிநாட்டில எல்லாம் கத்தியால வெட்டித்தான் எடுக்கிறாங்க."

"வெளிநாட்டில புத்து இரிக்கா மச்சாள்?"

"கதைய மாத்தாதீங்க."

"சரி, வெட்டினா வால எப்பிடிப் பாக்கிற?"

"வால் என்னத்துக்கு? இத்தின வருஷம் எடுக்கிறீங்க, தலையப் பாத்தாத் தெரியாதா?"

"தலைய நம்பி ஒருத்தியக் கலியாணம் முடிச்சிரிக்கன். அது காணும் எனக்கு."

இத நான் அப்பிடியே அக்காட்ட போட்டுக் குடுத்தன். அண்டைக்கு முழுக்க அத்தான்ர பிளேன்டீக்கு சீனி விழல்ல.

ஆனா வெட்டுற கதைய நான் விடல்ல. வெளிநாட்டுக் காளான் குரூப் ஒண்டில இரிந்த பதிவக் காட்டினன், படத்தக் காட்டினன், இங்கிலீஷ வாசிச்சுத் தமிழில சொன்னன். மண் வளம், அடுத்த தலைமுறை எண்டு அள்ளி விட்டன். கடைசியா என்ர பேக்கில கிடந்த சின்னக் கத்திய எடுத்துக் குடுத்தன். ஹொஸ்டல்ல அப்பிள் வெட்ட வச்சிருந்தது, சிவப்புப் பிடி. "இந்தாங்க, விஞ்ஞானம்" எண்டன். மனிசன் கோயில்ல திருநீறு வாங்குற மாதிரி ரெண்டு கையையும் நீட்டி வாங்கினார். "அக்காக்குக் காட்ட மாட்டன் மச்சாள், கண்டா மரக்கறி வெட்டக் குசினிக்குப் போயிரும்" எண்டு சேட் பொக்கெட்டுக்குள்ள ஒளிச்சு வச்சார்.

ஒண்டு சொல்லணும். நான் காட்டின அதே பதிவில, கீழ இன்னொரு பந்தி இரிந்தது. காளான் என்ன எண்டு நூறு வீதம் தெரியாட்டி வெட்டாதீங்க, மண்ணோட தோண்டி அடியப் பாருங்க, ஆளக் கொல்ற காளானுக்கு அடையாளம் அடியிலதான் இரிக்கு எண்டு. நான் கீழ வரைக்கும் வாசிக்கல்ல. எனக்கு வெல்லத் தேவையானது மேலயே இரிந்தது.

லீவு முடிஞ்சு நான் கெம்பஸ் போயிட்டன். வீட்டில கந்தசஷ்டி விரதம் தொடங்கிச்சு. அம்மாவும் அக்காவும் ஆறு நாளும் பிடிப்பாங்க, பகல் முழுக்கப் பட்டினி, பொழுதுபட்டாப் பாலும் பழமும். வீட்டுக்குள்ள மீனுக்கு இடமே இல்ல. அத்தான் பாவம், முதல் நாளே வாடிப் போயிட்டார் போல. அண்டைக்குப் பின்னேரம் வட்ஸ்அப்பில ஒரு போட்டோவும் ஒரு வொய்ஸும் வந்தது.

தாமரை இலையில விரியாத மொட்டுக் காளான், வெள்ளை வெளேரெண்டு, வரிசையா அடுக்கி. மொட்டுத்தான் ருசி, விரிஞ்சா நார். எல்லாத்திலயும் அடி சிலேட்டு மாதிரி நேரா வெட்டுப்பட்டு இரிந்தது. வொய்ஸில அத்தான்: "கெம்பஸ் மச்சாள், முருகன் என்னைப் பாத்து இரங்கிட்டார். பாருங்க, ஒரு வேர் கூடப் புடுங்கல்ல. எல்லாம் உங்கட முறை. சேர்டிபிகேட் தருவீங்களா?"

நான் கன்டீன்ல ரொட்டி திண்டுட்டு இரிந்தன். படத்தப் பெருப்பிச்சுக் கூடப் பாக்கல்ல. "செம அத்தான்" எண்டு டைப் பண்ணி, நெருப்புப் படம் ரெண்டு போட்டு அனுப்பினன். மூணு செக்கன் இரிக்கும்.

அக்காதான் ஆக்கினவ. தேங்காப்பால் விட்டு, உள்ளி போட்டு, மஞ்சள் போட்டு. நஞ்சு எண்டா மஞ்சள் கறுக்கும் எண்டு எங்கட பக்கம் ஒரு கதை இரிக்கு. கறுக்கல்ல. விரதக்காரி உப்புப் பாக்கக் கூடாது, அதனால அத்தானைக் கூப்பிட்டுக் கரண்டியில குடுத்தாவாம். அவர் நாலு தரம் உப்புப் பாத்தாராம். "இன்னும் கொஞ்சம் தாங்க, சரியா விளங்கல்ல" எண்டு சொல்லிச் சொல்லி. அம்மா மறுகா இதச் சொல்லக்க சிரிச்சா, சிரிச்சிட்டு அப்பிடியே நிலத்தில இரிந்திட்டா.

அடுத்த நாள் வெள்ளாப்பில அம்மா எடுத்தா. "புள்ள, அத்தானுக்கு சத்தியும் வயித்தாலடியும், குடிச்ச தண்ணியும் வாயால வருது. நிக்கிற பாடில்ல."

நான் என்ன சொன்ன தெரியுமா? "புத்துக் காளான் ஒண்டும் செய்யாதும்மா, வேற என்னத்தையும் திண்டிரிப்பார்." இவ்வளவு தூரத்தில இருந்து, கட்டில்ல படுத்துக்கொண்டு.

ஆத்தில ஆக்களையும் மோட்டர் சைக்கிளையும் ஏத்திப் போற மிதவைய நாங்க பாதை எண்டுதான் சொல்ற. அண்டைக்கு முதல் பாதையில அத்தானை ஏத்தி, அங்கால ஓட்டோ பிடிச்சு, டவுன் ஆசுபத்திரியில சேத்திட்டாங்க. நான் பஸ் பிடிச்சு வந்து சேர மத்தியானம். வாட்டில கிடந்த அத்தானுக்கு ஒரே ராவில கன்னம் உள்ளுக்குப் போயிட்டுது. அக்கா கால்மாட்டில நிண்டா. வாய் முணுமுணுத்துக் கொண்டே இரிந்தது, மந்திரம்.

டொக்டர் ஒரு மெல்லிசான அக்கா, எங்களவிட அஞ்சாறு வயசு கூட இரிக்கும். என்ன காளான் எண்டு ஆருக்கும் தெரியுமா எண்டு கேட்டா. நான் முன்னுக்குப் போய்ப் புத்துக் காளான்ர விஞ்ஞானப் பேரச் சொன்னன், இங்கிலீஷில. திங்கக்கூடிய இனம் எண்டும் சொன்னன். இப்ப நினைச்சாலும் உடம்பு கூசுது.

"நீங்க பாத்தீங்களா?"

"போட்டோ இரிக்கு."

வாங்கிப் பெருப்பிச்சுப் பாத்தா. அங்கால இங்கால நகத்தினா. "அடி எங்க?"

"வெட்டியிரிக்கு."

"ஏன் வெட்டின?"

நான் போனத் திருப்பி வாங்கி பேக்குக்குள்ள வச்சன்.

அவ ஏசல்ல, கோவிக்கவும் இல்ல. முளைச்ச இடத்தில அடிக்கட்டை மிச்சம் இரிந்தா எடுத்துட்டு வரச் சொன்னா, எவ்வளவு கெதியா ஏலுமோ அவ்வளவு கெதியா.

ஓட்டோ, பாதை, மறுகா ஓட்டம். வீட்டுக்குப் பின்னால விறகோட சாத்தியிரிந்தது அத்தான்ர கம்பு. அண்டைக்கு அவர் அதக் கொண்டு போகல்ல, கத்தி இரிக்கே. மழைத் தூத்தலுக்குள்ள நான் தனியப் புத்தடிக்குப் போனன். வெட்டுப்பட்ட அடியெல்லாம் மண்ணோட மண்ணா வெள்ளை வெள்ளையாத் தெரிஞ்சது. சுத்தமான வெட்டு. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே.

கம்பைக் குத்தி நெம்பி இழுத்தன். வால் வந்தது. அடுத்தது, வால். அடுத்ததும் வால். ஒவ்வொரு வால் வரக்கையும் சத்தமா "பாத்தியா, பாத்தியா" எண்டு கத்தினன், ஆருக்கு எண்டு தெரியாம. கையெல்லாம் சேறு. எல்லாத்திலயும் வால் வந்தா அத்தானுக்கு இது வெறும் வயித்தாலடி, ரெண்டு சேலைனோட வீட்டுக்கு வந்திருவார் எண்டு நானே ஒரு கணக்குப் போட்டு வச்சிருந்தன்.

புத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பத்தை ஓரத்தில இன்னும் மூணு வெட்டு. குத்தி நெம்பினன். வால் இல்ல. அவிச்ச முட்டைட கோதப் பாதியா உடைச்சு மண்ணுக்குள்ள புதைச்ச மாதிரி, வெள்ளைத் தோலில ஒரு கிண்ணம், அதுக்குள்ள அடிக்கட்டை. மூணிலயும் அது.

அத நான் முதல் வருஷம் பென்சிலால வரைஞ்சிரிக்கன். அம்புக்குறி போட்டுப் பேர் எழுதி, ஃபுல் மார்க்ஸ் எடுத்தனான்.

சொப்பின் பேக்கில போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தன். டொக்டர் ஒருக்காப் பாத்தா. "கையச் சோப் போட்டுக் கழுவுங்க" எண்டா. வேற ஒண்டும் சொல்லாமப் போன எடுத்துக் கதைக்கத் தொடங்கினா.

அதுக்கு அடுத்த நாள் அத்தான் எழும்பி இரிந்தார்.

சத்தியம். சத்தி நிண்டிட்டுது, கஞ்சி கேட்டார், பக்கத்துக் கட்டில் ஐயாவோட மழை வருமா வராதா எண்டு கதைச்சார். அக்கா முகத்தில ரெண்டு நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடிச்சு, பிள்ளையார் கோயிலுக்குத் தேங்கா உடைக்க ஓடிட்டா. அம்மா ஊருக்கெல்லாம் போன் எடுத்து சுகம் சுகம் எண்டு விசளம் சொன்னா. எனக்கு மட்டும் சிரிப்பு வரல்ல. ஏனெண்டா இந்தத் தரம் நான் கீழ வரைக்கும் வாசிச்சிருந்தன். இந்தக் காளான் மூணாம் நாள் சுகம் மாதிரி காட்டும் எண்டு எழுதியிரிந்தது. ஈரல் உள்ளுக்குள்ள போய்க்கொண்டிரிக்குமாம், ஆள் வெளியால கஞ்சி கேக்குமாம்.

அக்கா போன நேரம் அத்தான் என்னைக் கையக் காட்டிக் கூப்பிட்டார்.

"கெம்பஸ் மச்சாள், அடியக் கிண்டிப் பாத்தீங்களாமே?"

"ம்."

"வால் இரிந்ததா?"

"எல்லாத்திலயும் இரிந்தது. மூணத் தவிர."

சேலைன் ஏறாத கையில மூணு விரல மடக்கிப் பாத்தார். மறுகா சொன்னார், "மூணுதானே. பெரும்பான்மை நமக்குத்தான்."

நான் அழத் தொடங்கிட்டன். "நான்தான் அத்தான்..." எண்டதும் கைய உயத்தி நிப்பாட்டிட்டார்.

"இஞ்ச பாருங்க கா. கத்தி விசளத்த அக்காட்ட சொல்லிராதீங்க. அவள் சீவியத்துக்கும் உங்களோட கதைக்க மாட்டாள், உங்களுக்கு அவளத் தெரியாது. நான் வீட்ட வந்து ஆறுதலாப் பகிடியாச் சொல்றன். நான் சொன்னாச் சிரிப்பாள்."

நான் தலையாட்டினன்.

அடுத்த நாள் கண் மஞ்சளாயிட்டுது. அதுக்கு அடுத்த நாள் அக்காவ அடையாளம் தெரியல்ல, கதிரவெளியில கரைவலை இழுக்கிற ஆக்களோட கதைச்சுக் கொண்டிரிந்தார். கொழும்புக்குக் கொண்டு போறதுக்கு ஏற்பாடு செஞ்சு அம்புலன்ஸும் கதைச்சாச்சு. ஏத்தக் கிடைக்கல்ல. ஆறாம் நாள், சூரன்போர் அண்டைக்குப் பின்னேரம் ஆள் போயிட்டார். முப்பத்தி நாலு வயசு. அக்கா அண்டு வரைக்கும் விரதத்த முறிக்கல்ல. முறிச்சா அவருக்கு ஏதும் ஆயிரும் எண்டு.

செத்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் அக்கா ஒரே கதையத்தான் சொன்னா. "என்ர கையாலதான் ஆக்கிக் குடுத்தன். மஞ்சள் கறுக்கவே இல்ல. நான் ஒரு வாய் உப்புப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்." எட்டாம் நாள் சடங்குக்கும் அதான், முப்பத்தொண்டுக்கும் அதான், ரெண்டு வருஷமா அதான். உப்புப் பாத்திருந்தா நீயும் செத்திரிப்பாய் எண்டு எல்லாரும் சொல்லிப் பாத்தாச்சு. காதில ஏறாது. அதுக்குப் பிறகு அவ விரதம் பிடிக்கிறல்ல, கோயில் பக்கம் போறல்ல. வால் இல்லாம மண் இல்லாம காளான் வந்தத அவ பெரிசா நினைக்கல்ல, புருஷன் துப்பரவாக்கிக் கொண்டு வந்திரிக்கார் எண்டு அண்டைக்குச் சந்தோசப்பட்டாவாம். அதையும் சொல்லிச் சொல்லி அழுவா.

நான் பக்கத்தில இரிந்து கேட்டுட்டு இரிப்பன். பிழை உன்னில இல்ல அக்கா, மண்ணுக்குள்ளயே அந்த மூணையும் கண்டுபிடிச்சு எறிஞ்சிருக்க வேண்டிய மனிசன்ர கையில நான்தான் கத்தியக் குடுத்தன் எண்டு சொல்ல ஒரு நிமிஷம் காணும். ஒவ்வொரு தரமும் வாய் வரைக்கும் வரும். அத்தான் சொல்லாத எண்டவர் எண்டு அங்கயே நிப்பாட்டிருவன். ஆனா அவர் சொல்லாத எண்டு மட்டும் சொல்லல்ல, தான் வந்து சொல்றன் எண்டும் சொன்னவர். இப்பவும் ஒரு பந்தியை மட்டும் வாசிச்சிட்டு மிச்சத்த விடுறன் போல. அவர்ர சொல்லுக்காக மறைக்கிறனா, அக்காவ இழந்திருவன் எண்ட பயத்தில மறைக்கிறனா, எனக்கே தெரியல்ல.

கெம்பஸ் முடிய இன்னும் ஒரு வருஷம் இரிக்கு. வீட்டுக்கு வந்தா லெக்சர் அடிக்கிறல்ல. "என்ன புள்ள, வந்த சத்தத்தையே காணல்ல" எண்டு அம்மா கேப்பா. தெருவில சின்னாக்கள் ஆரும் ஏதும் கேட்டாத் தெரியாது எண்டு சொல்லப் பழகியிரிக்கன். அந்தச் சொல்லு மூணு செக்கனுக்குள்ள சொல்லக்கூடிய சொல்லுத்தான், அண்டைக்கு எனக்கு வரல்ல. பேர் போடாம இத அனுப்புறன். அக்கா வாசிச்சாத் தன்ர கதை எண்டு கண்டு பிடிச்சிருவா. வாசிக்கணும் எண்டுதான் நினைக்கன், வாசிக்கக் கூடாது எண்டும் நினைக்கன்.

அத்தான்ர சேட்டுகளத் துவைக்கக்க பொக்கெட்டில கிடந்த கத்திய அக்கா எடுத்துக் கழுவி வச்சிட்டா. அவளுக்கு அது எங்கயோ கடையில வாங்கின ஒரு கத்தி, நல்ல கூர்.

இப்ப குசினியில அதாலதான் வெங்காயம் வெட்டிட்டு இரிக்கா.